பால் பொங்க இன்னும் ஏழு முறை

ஆமாம்பட்டிக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், "நிறுத்தினா நிக்கும்" என்பார்கள். குசும்பு இல்லை, உண்மையைச் சொல்கிறார்கள். பொய் சொல்லத் தெரியாத சனம். ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்கிற சனமும்கூட. அவர்களுக்கு வந்த வம்பெல்லாம் அதனால் வந்ததுதான்.

அந்த ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்புறம் ஓர் அறை உண்டு. அறைக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர். எந்தத் திட்டத்தில் வந்து இறங்கியதோ, கொண்டுவந்தவர்களுக்கே மறந்துபோயிருக்கும். சுவிட்சைப் போட்டால் அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றாடி 'ம்ம்ம்ம்' என்று முனகும். கேட்கிறவர்களுக்குத் தலை வலிக்கும். ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அது தாலாட்டு. அந்த ஆள் பிரகாசியின் மகன் இன்னாசி. இன்னும் பல் முளைக்கவில்லை.

பிரகாசிக்கு இது தலைச்சன் பிள்ளை. புருஷன் கப்பலில். பிள்ளை அழுதால் அவளுக்குப் பயம். அழாமல் கிடந்தால் அதைவிடப் பயம். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள், விரல் பட்டதும் அவன் முழித்துக்கொள்வான். வீட்டில் தூங்க மாட்டான், தோளில் தூங்க மாட்டான், மாதா கோயில் பிரசங்கத்தின்போதுகூடத் தூங்க மாட்டான். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி அந்த அறைக்குள் போனாள். காற்றாடி முனகியது. இன்னாசி கண்ணை மூடினான். அன்றிலிருந்து அந்த அறை உத்திரத்தில் அவளுடைய சேலைத் தொட்டில் தொங்குகிறது. கீழே ஒரு பாய். பிள்ளை பெற்ற பிறகு அவள் கண்ணயர்ந்த இடம் பூமியிலேயே அந்தப் பாய் ஒன்றுதான்.

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

வட்டார அலுவலகத்திலிருந்து கனகவல்லி மேடம் வந்து நின்றார். "இந்த ரூம் சும்மா கெடக்குதுன்னு சொல்றாங்க. உர மூட்டை அடுக்க எடம் தேவைப்படுது" என்றார்.

"சும்மா இல்ல மேடம், விளையாட்டு செய்யுதோம்" என்றான் மிக்கேல். மிக்கேல் பிரகாசியின் கொழுந்தன். டவுனில் ஏதோ ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் படித்தவன். அவன் செய்தது எழுத்து விளையாட்டு. படம் கிடையாது, சத்தம் கிடையாது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று திரை எழுதிக் காட்டும். என்ன செய்யப் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதி என்டர் தட்ட வேண்டும். அது பதில் எழுதும்.

மேடம் உட்கார்ந்து 'வடக்கே போ' என்று தட்டினார். 'வடக்கே வந்துவிட்டீர்கள்' என்றது. 'தெற்கே போ' என்று தட்டினார். 'தெற்கே வந்துவிட்டீர்கள்' என்றது.

"இதுல என்ன இருக்கு?" என்றார் மேடம். "ஒரு கெடு வேணும்ப்பா. இத்தனை முறைக்குள்ள ஒரு வேலையை முடிக்கலேன்னா பெரிய ஆபத்துன்னு இருக்கணும். ஆடுறவங்களுக்கு நெஞ்சு திக்குதிக்குன்னு அடிக்கணும். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வருவேன். நெஞ்சு அடிச்சா ரூம் உங்களுக்கு. அடிக்கலேன்னா உரத்துக்கு."

உடனே கமிட்டி கூடியது. தலைவர் சூசை மாமா. ஊரில் கண்ணாடி போட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் தலைவர். உறுப்பினர் வேதமுத்து, மாதா கோயிலில் மணியடிப்பவர். மிக்கேல் உண்டு. மடத்துப் பள்ளியில் சிஸ்டர்களிடம் படித்துத் தப்பில்லாமல் எழுதக் கற்றவள் என்பதால் தட்டச்சுக்குப் பிரகாசி, இடுப்பில் இன்னாசியோடு.

"மொதல்ல ஆபத்துன்னா என்னன்னு முடிவு பண்ணுவோம்" என்றார் சூசை மாமா.

"புலி" என்றான் மிக்கேல்.

"எந்தப் பக்கத்துலேருந்து வரும்?"

"வடக்கேயிருந்து."

"ஆடுறவன் தெற்கே போயிருவான். அடுத்தது?"

"வெள்ளம்" என்றார் வேதமுத்து.

"நம்மூர்ல குடிக்கவே தண்ணியில்ல. எவன்டே நம்புவான்?"

பிரகாசி மெதுவாகச் சொன்னாள்: "அடுப்புல பால் இருக்கு. பிள்ளை இப்பத்தான் தூங்கிச்சு. பால் பொங்கி வழிஞ்சா மேல மூடியிருக்க தட்டு கீழ விழும். தட்டு விழுந்தா பிள்ளை முழிச்சிரும்."

சூசை மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எம்மா, சின்னப் பிள்ளைகளும் விளையாடுவாங்க. இவ்வளவு பயங்கரமா வேண்டாமே" என்றார்.

ஆனால் வேறு ஆபத்து கிடைக்கவில்லை. பாலே முடிவாயிற்று.

மிக்கேல் விளக்கினான். "ஏழுன்னு ஒரு எண்ணைக் கம்ப்யூட்டர்கிட்ட குடுப்போம். ஆடுறவங்க ஒரு தடவை எழுதி என்டர் தட்டினா அது ஒரு முறை. ஒவ்வொரு முறைக்கும் ஒண்ணு குறையும். பூஜ்யம் ஆச்சுன்னா பால் பொங்கும்."

"அது ஞாபகமா குறைக்குமா?"

"சொன்னதை மறக்காது மாமா. சொல்லாததைச் செய்யவும் செய்யாது."

"அப்ப நம்மூர்ப் பிள்ளைதான்" என்று கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்தார் சூசை மாமா.

வெள்ளோட்டத்துக்கு அவரே உட்கார்ந்தார். 'பாலை இறக்கு' என்று தட்டினார். 'இறக்கியாயிற்று' என்றது. 'குடி' என்றார். 'குடித்தாயிற்று' என்றது. உதட்டைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் நிம்மதியாக வடக்கே போனார், தெற்கே போனார், நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். அடுத்த என்டருக்குத் திரை அலறியது: 'பால் பொங்கி வழிகிறது! பிள்ளை முழித்துவிட்டது!'

"எங்கலே பொங்குது? நான்தான் குடிச்சிட்டேனே!"

எல்லோரும் அவர் வயிற்றைப் பார்த்தார்கள். மிக்கேல் குனிந்து காதை வைத்தான். "சத்தம் கேக்கு மாமா" என்றான்.

சட்டியை இறக்கிவிட்டால் எண்ணுவதை நிறுத்து என்று கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை. வேறு ஊராக இருந்தால் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். ஆமாம்பட்டிக் கமிட்டி நெடுநேரம் யோசித்து, ஆட்டத்தின் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது: 'பாலைக் குடிப்பவர்கள் வயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும்.'

அடுத்த கோளாறு அன்று சாயங்காலமே வந்தது. 'பூஜ்யமோ அதற்குக் கீழோ இருந்தால் பால் பொங்கட்டும்' என்று மிக்கேல் எழுதியிருந்தான். பூஜ்யத்தில் பொங்கியது. அடுத்த முறையும் எண் பூஜ்யத்துக்குக் கீழேதானே இருக்கும்? மறுபடியும் பொங்கியது. அதற்கடுத்த முறையும். முழித்த பிள்ளையே மறுபடி மறுபடி முழித்தது. வேதமுத்து பதறிப்போய் 'நிறுத்து' என்று தட்டினார். அதுவும் ஒரு முறைதான் என்பதால் அதற்கும் ஒரு தரம் பொங்கியது.

"ஒரு சட்டிப் பால் இவ்வளவா பொங்கும்?" என்றார் வேதமுத்து.

"நல்ல மாடு" என்றார் சூசை மாமா.

"அடுப்படி முழுக்கப் பாலாயிருக்குமே, ஆடுறவங்க எப்படி நடப்பாங்க?" என்றாள் பிரகாசி.

நியாயமான கேள்வி. கமிட்டி ஓட்டெடுத்து அடுப்படியில் ஒரு தோணியை வைத்தது.

மறுநாள் மிக்கேல் யோசித்து, 'சரியாகப் பூஜ்யத்தில் மட்டும் பொங்கட்டும்' என்று மாற்றினான். அதே சூட்டோடு 'ஓடு' என்று தட்டினால் இரண்டு முறை குறையும்படியும் செய்தான், ஓடினால் வேகமல்லவா? ஒன்று பாக்கியிருக்கும்போது வேதமுத்து ஓடினார். எண் பூஜ்யத்தை மிதிக்காமல் தாண்டிக் கீழே குதித்துவிட்டது. பால் பொங்கவே இல்லை. திரை மட்டும், 'பால் பொங்க இன்னும் கழித்தல் ஒரு முறை', 'கழித்தல் இரண்டு முறை' என்று தொடங்கி, 'கழித்தல் நான்கு முறை' என்று சொல்லிக்கொண்டே போனது.

"கழித்தல் நாலுன்னா என்னலே அர்த்தம்?"

மிக்கேலுக்குத் தெரியவில்லை. சென்டரில் அந்தப் பாடத்தன்று அவனுக்குக் காய்ச்சல்.

சூசை மாமா கண்ணை மூடிச் சிந்தித்துவிட்டுச் சொன்னார்: "முன்னால போனா பால் பொங்குது. பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் போனா, பால் பின்னால போவுது. சட்டியிலேருந்து செம்புக்கு. செம்புலேருந்து மடிக்கு."

"எந்த மடிக்கு? ஆட்டத்துல மாடே இல்லையே!" என்றார் வேதமுத்து.

"அதான் பால் எங்க போறதுன்னு தெரியாம நிக்கு."

பிரகாசி ஒரு மாட்டைத் தட்டச்சு செய்தாள். அடுப்படியில் பால் வெள்ளம் என்பதால் மாட்டைத் தோணியில் ஏற்றினார்கள். மாட்டுக்குத் துடுப்புப் போடத் தெரியுமா என்ற பேச்சு எழுந்து, அதில் வியாழக்கிழமை போயிற்று.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஆட்டம் ஒழுங்காக ஒரு தரம்கூட ஓடியபாடில்லை. பிரகாசி தொட்டில் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உர நாத்தத்துல எம்பிள்ளை எப்படித் தூங்கும்? அந்தக் காத்தாடி சத்தம் இல்லாட்டி நானும் செத்தேன், அவனும் செத்தான்" என்றாள். மற்ற மூவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துடைத்த கையோடு இட்லி தின்னப் போனார்கள். போகும்போது திரையில் 'பால் பொங்க இன்னும் ஒரு முறை' என்று இருந்தது.

திரும்பி வந்தபோதும் அப்படியே இருந்தது.

மிக்கேல் வாசலிலேயே நின்றுவிட்டான். "மாமா! நாம தின்னோம், கை கழுவினோம், சட்னிக்குச் சண்டை போட்டோம். இவ்வளவு நேரமாச்சு, பால் பொங்கலையே!"

"ஏன் பொங்கல?"

"யாரும் எதையும் தட்டலையே! நாம ஒண்ணும் செய்யலேன்னா முறை குறையாது. முறை குறையலேன்னா நேரம் நகராது!"

வேதமுத்து மெல்ல ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்படின்னா... நாம ஒண்ணும் செய்யலேன்னா... பதினோரு மணி?"

"வராது" என்றான் மிக்கேல்.

"நான் மணியே அடிக்கப் போறதில்ல. மணியடிக்காம பதினொண்ணு எப்படி வருதுன்னு பாப்போம்."

"மூச்சு விடலாமாடே?" என்றார் சூசை மாமா.

"மூச்சு விடும்போது என்டர் தட்டுறீங்களா?"

"இல்ல."

"அப்ப கணக்குல வராது."

"கண்ணைச் சிமிட்டுறது?"

"அது சும்மா பாக்குறதுல சேரும். ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினா வேற சோலி, அது கூடாது."

"பேசுறது?"

மிக்கேலுக்கு முகம் வெளுத்தது. "பேசிக்கிட்டேதானே இருக்கோம் மாமா! எத்தனை முறை போச்சோ!"

மூவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிரகாசிக்கு மனசு ஒப்பவில்லை. பூமி தானாகச் சுற்றுகிறது என்று பூகோள சிஸ்டர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தாள். பிள்ளை தூங்கும்போது அவள் அசையாமல் கிடந்தால் எதுவும் நடப்பதில்லை. கால் கட்டைவிரலை மடக்கினால் போதும், வீல் என்று எழுந்துவிடுவான். ஒருவர் அசைந்தால்தான் உலகத்தில் அடுத்தது நடக்கும் என்பதற்கு அவளிடம் ஆதாரம் இருந்தது. அது தொட்டிலில் கிடந்து கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருந்தது. ஆரஞ்சுப் பழத்தைவிட அது பெரிய ஆதாரம்.

"ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லணுமே" என்றாள்.

சொன்னார்கள். ஊரும் "ஆமாம்" என்றது. சலூனில் பாதி மீசை போன நிலையில் ஒருவர் நின்றார். டீக்கடைக்காரர் டீயை ஆற்றுகிற பாதியில் நின்றார். அவர் நின்றார், டீ மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. குழாயடியில் இரண்டு பெண்கள் சண்டையின் நல்ல கட்டத்தில் நின்றார்கள், கையை நீட்டியபடி. கோழிகளைக் கூடையால் மூடினார்கள். ஆமாம்பட்டி அசையவில்லை.

பஸ்ஸிடம் சொல்லத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

கனகவல்லி மேடம் இறங்கி நடந்து வந்தார். பாதி மீசைக்காரரிடம் ஏதோ கேட்டார். மீசையின் மீதிப் பாதிகூட அசையவில்லை. குழாயடிப் பெண்களைக் கேட்டார். நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன. மேடத்துக்கு வேர்த்துவிட்டது. விறுவிறுவென்று வந்து அறைக்குள் நுழைந்தார். உள்ளே மூன்று ஆண்கள் சிலையாக நிற்கிறார்கள். பிரகாசி தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன நடக்குது இங்க?" என்றார் மேடம்.

மிக்கேல் ஒரு விரலைக் காட்டினான்.

"ஏன் யாருமே பேச மாட்டேங்கிறீங்க?"

இரண்டு விரல்.

"ஏய், என்னப்பா இது? விளையாட்டு எங்க? ஊருக்கே ஏதாச்சும் ஆயிடுச்சா?"

மிக்கேலுக்கு விரல் போதாமல் வந்தது. பிரகாசி பார்த்தாள். ஊரே கட்டிக் காத்த முறைகளை இந்த அம்மா வாரி இறைக்கிறாரே! இப்படியே விட்டால் பதினொன்று இல்லை, பன்னிரண்டே வந்துவிடும். இவரை அசையாமல் நிறுத்த வேண்டும். மனுஷியை அசையாமல் நிறுத்த அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்.

"கொஞ்சம் பிடிங்க மேடம்" என்று கிசுகிசுத்து, தூங்குகிற இன்னாசியை மேடத்தின் கையில் வைத்துவிட்டாள்.

கனகவல்லி மேடம் மூன்று பெற்றவர். கையிலிருந்த பிள்ளையின் இமையை ஒரு பார்வை பார்த்தார். அது லேசாகத் துடித்தது. அவ்வளவுதான். வாய் தானாக மூடிக்கொண்டது. பூனை போல அடியெடுத்து வைத்து, கம்ப்யூட்டருக்கு முன்னாலிருந்த நாற்காலியில் அங்குலம் அங்குலமாக இறங்கி உட்கார்ந்தார்.

திரையில், 'அடுப்பில் பால். தொட்டிலில் பிள்ளை. பால் பொங்க இன்னும் ஒரு முறை' என்றிருந்தது.

மேடம் ஒரு கையை விடுவித்து என்டருக்குக் கொண்டுபோனார். இன்னாசியின் உதடு பிதுங்கியது. கை திரும்பி வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் போனது. இன்னாசி 'ஹ்ம்' என்றான். கை திரும்பி வந்தது. மேடத்தின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

காற்றாடி 'ம்ம்ம்ம்' என்று முனகியது. மேடத்தின் தலை ஒரு தரம் ஆடியது. இன்னொரு தரம் ஆடியது. அப்புறம் நாற்காலியின் முதுகில் சாய்ந்துவிட்டது. பிள்ளை வேறொருவர் கையில் பத்திரமாக இருக்கிறது, சத்தமும் இருக்கிறது, அசையவும் கூடாது. பிரகாசி பாயில் சரிந்தாள். எந்தப் பயமும் வருவதற்குள் தூக்கம் வந்துவிட்டது. ஆண்கள் மூவரும் கடமை தவறாமல் நின்றபடியே குறட்டை விட்டார்கள்.

மேற்கு ஜன்னலிலிருந்து வெயில் மூக்கில் அடித்தபோது மேடம் கண் விழித்தார். இன்னாசி அதற்கு முன்பே விழித்து அவருடைய மூக்குத்தியை ஆராய்ந்துகொண்டிருந்தான். திரையில் இன்னமும் ஒரு முறை பாக்கி.

சூசை மாமாதான் முதலில் கூவினார்: "மேடம் ஜெயிச்சிட்டாங்க! இந்த ஆட்டத்துல பாலைப் பொங்க விடாம காப்பாத்தின மொத ஆளு நீங்கதான்!"

வேதமுத்து மகிழ்ச்சியில் மணியடிக்கக் கிளம்பினார். "அடிச்சீருன்னா பதினொண்ணு ஆயிரும்!" என்று மிக்கேல் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நெஞ்சு திக்குதிக்குன்னு அடிச்சது என்னவோ நெசம்தான். அந்த என்டரைத் தட்டிட்டா இவன் முழிச்சிருவானேன்னு..." என்று இன்னாசியைப் பார்த்தார். அப்புறம் குரலைச் செருமி, அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரூம் உங்களுக்கே. உரத்தை வேற எங்கயாச்சும் அடுக்கிக்கிறேன். ஆனா பரிசோதனைக்கு வாராவாரம் வெள்ளிக்கிழமை வருவேன். தலையணை நானே கொண்டாந்துருவேன்."

பிரகாசி பாயிலிருந்து எழுந்து மேடத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுகை வந்தது, ஆனால் தூங்கி எழுந்த முகத்தில் அது சிரிப்பு மாதிரியே இருந்தது.

சூசை மாமா மட்டும் கவலையோடு தாடையைச் சொறிந்தார். "அடுத்த வெள்ளி எப்படி மேடம் வரும்? இந்த வெள்ளியே இன்னும் பதினோரு மணியைத் தாண்டலையே."

"என்ன பேசுறீங்க? சாயங்காலம் அஞ்சரை ஆச்சு!" மேடம் கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினார்.

நான்கு தலைகளும் அதன்மேல் குனிந்தன. மெல்லிய முள் ஒன்று 'டிக், டிக்' என்று சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா மாமா!" என்றான் மிக்கேல். "ஊரே சொன்ன சொல்லைக் கேட்டு நின்னுச்சு. இது ஒண்ணு மட்டும் நாள் பூரா முறை எடுத்துக்கிட்டே இருந்திருக்கு!"

"திட்டாதடே" என்றார் சூசை மாமா. "அதுக்கு என்னமோ தூக்கம் வரல. முகத்தைப் பாத்தாலே தெரியுது."

எல்லோரும் பிரகாசியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேடத்தின் கையிலிருந்து கடிகாரத்தைப் பதமாகக் கழற்றினாள். வார் மடங்காமல் ஏந்திக்கொண்டு போய்த் தொட்டிலில் கிடத்தினாள். சேலை நுனியை இழுத்து அதன்மேல் போர்த்தி, மெல்ல ஆட்டத் தொடங்கினாள்.

இன்னாசியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடம் எட்டிப் பார்த்தார். "அம்மா பிரகாசி, எனக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரம்..."

பிரகாசி உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாப் பேசுங்க மேடம். பெரிய முள்ளு இப்பத்தான் கொஞ்சம் கண்ணசருது. சின்னது முழிச்சு முழிச்சுப் பாக்கு."